சோழவரம், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் படங்கள்: ஈரம் பட்ட குடும்ப ஆல்பத்தைக் காப்பதும், எந்த வருஷம் என்று கண்டுபிடிப்பதும் (இணைய மன்ற இழை)

மஞ்சக்குப்பம் 31

வணக்கம். கடலூர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் குடும்பத்தோடு கார் ரேஸ் பார்க்கப் போனபோது எடுத்த படங்கள் இருக்கின்றன. ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பம் ஒன்றில் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கலர் பிரிண்டுகள். பட்டர் பேப்பர் உறைகளில் நெகட்டிவ், அதில் சில சாதாரண 35 எம்.எம். துண்டுகள், சில சதுரமான பெரிய ஃபிரேம்கள். கூடவே 'ரேஸ்' என்று எழுதிய ஒரு வி.எச்.எஸ். கேசட்.

சில பிரிண்டுகளின் பின்னால் 'சோழவரம்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. ஆண்டு எதிலும் இல்லை. ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை சில படங்களின் முகத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நெகட்டிவ்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எதை முதலில் தொடுவது? படத்திலிருந்தே ஆண்டைச் சொல்ல முடியுமா?

நெகட்டிவ் பெட்டி

ஒன்றையும் பிரிக்காதீர்கள். முதல் வேலை, ஆல்பத்தை இருக்கிறபடியே பக்கம் பக்கமாக ஃபோனில் படம் எடுப்பது. எந்தப் படத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதே பிற்பாடு ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும் தகவல். பிரித்து மேசையில் பரப்பினால் அந்த வரிசை போய்விடும்.

அடுத்தது ஈரம். கடலூர், புதுச்சேரிக் காற்றில் பெரும்பாலான மாதங்கள் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே வராது. படச்சுருளின் மேல்பூச்சு ஜெலட்டின்; பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. பெரிய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, நெகட்டிவ் உறைகளை மேலே ஒரு தட்டில் வைத்து ஒரு வாரம் மூடி வையுங்கள். 200 ரூபாய்க்கும் கீழே ஈரப்பதமானி கிடைக்கும். அதையும் உள்ளே போடுங்கள். 40 முதல் 50 வரை காட்டினால் போதும். 30-க்குக் கீழே இறக்க வேண்டாம், நெகட்டிவ் சுருளலாம். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

காய்ந்த பிறகு, வெளியே காற்றோட்டத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு மிருதுவான பிரஷால் பூஞ்சைத் தூளைத் தட்டுங்கள். பளபளப்பான பக்கம் அடிப்படலம், மங்கலான பக்கம் ஜெலட்டின். பிரஷ் மங்கலான பக்கத்தில் அழுத்தவே கூடாது. தண்ணீர் தொடக்கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். துடைத்த இடத்தில் படமே வழித்துக்கொண்டு வரும். மீதிக் கறைக்கு 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, ஒரே திசையில் உருட்டியபடி எடுங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கில் மீதி 30 தண்ணீர், அது வேண்டாம். நிரந்தரமாகக் குழி விழுந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

நெகட்டிவ் உறையைத் திறக்கும்போது வினிகர் வாசம் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் அந்தத் துண்டின் அசிட்டேட் அடிப்படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் அமிலம் பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். காத்திருக்கும் பொருள் அல்ல அது.

செஞ்சி சாலை

பிளாஸ்டிக் ஒட்டிய பிரிண்டுகளுக்கு ஹேர் டிரையர் போதுமே சார், பத்து நிமிஷத்தில் ஒரு பக்கம் கழன்றுவிடும்.

நெகட்டிவ் பெட்டி

அட்டைப் பக்கம் பசையில் ஒட்டியிருந்தால் டிரையர் சரி, அதுவும் அட்டையின் பின்புறத்திலிருந்து, குறைந்த சூட்டில், ஒரு நேரத்தில் பத்து இருபது விநாடி. முகப்பக்கம் காட்டினால் ஜெலட்டின் இளகிப் பிளாஸ்டிக்கோடு இன்னும் இறுகிக்கொள்ளும்.

முறை இதுதான். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்தின் ஒரு மூலையில் அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் விட்டு, இரண்டு கையாலும் அறுப்பதுபோல் மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். வளைக்க வேண்டியது அட்டையைத்தான், படத்தை அல்ல. படம் வளைந்தால் மேல்பூச்சில் வெள்ளைக் கோடு விழும், அதைத் திருப்ப வழியில்லை. பசை நூலில் சேர்ந்தால் நூலை மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் உறை படத்தின் முகத்திலேயே ஒட்டியிருந்தால் கை வைக்காதீர்கள். உறையோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படங்களுக்கும் இதே பதில்.

பேடாக் பார்வை

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். ரேஸ் படத்தில் ஆண்டைச் சொல்வது பெரும்பாலும் பந்தயக் கார் அல்ல, அதற்குப் பின்னால் இருப்பவைதான்: வண்டி நிறுத்துமிடம், விளம்பரப் பலகை, வேலி, பஸ். அதனால் ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். காரை நடுவில் கொண்டுவர வேண்டும் என்று வெட்டிய படம் ஆண்டை இழந்த படம்.

இடத்தைப் பிரிப்பது சுலபம். சோழவரம் என்பது சென்னை–கொல்கத்தா சாலையில் செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. தரை அகலமாக, தட்டையாக, அடிவானம் வரை தெரியும். வளைவுகளில் வர்ணம் பூசிய கெர்ப் (தடத்தின் ஓரத்தில் உயர்த்திக் கட்டிய விளிம்பு) இருக்காது. இருங்காட்டுக்கோட்டை 1990-இல் திறந்த, பந்தயத்துக்கென்றே கட்டிய 3.7 கிலோமீட்டர் தடம். குறுகிய தார்ச்சாலை, கெர்ப், பந்தயக் கார்களைக் கவனிக்கும் பிட் கட்டடம். வீட்டுப் பெரியவர்கள் 'ஸ்ரீபெரும்புதூர் ரேஸ்' என்று சொன்னால் அது இதுதான். ஆக, கெர்ப் தெரிந்தால் 1990-க்கு முன்னால் இல்லை. பின்னால் 'சோழவரம்' என்று எழுதியிருந்தாலும் படத்தை நம்புங்கள், எழுத்தை அல்ல. பல குடும்பங்களில் தடம் மாறின பிறகும் பழைய பேரே வாயில் நின்றது.

பிறகு வண்டிகள். இதில் ஒரே விதி: படத்தில் இருக்கும் மிகப் புதிய வண்டிதான் கணக்கு. அது ஆண்டின் கீழெல்லையைத் தரும். பழைய வண்டி எதையும் சொல்லாது. ஹெரால்டு போன்ற பழைய கார்கள் விற்பனை நின்ற பிறகும் பந்தயத்தில் ஓடின. நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:

சிபானி டால்ஃபின், 1982. இரண்டு கதவு, ஃபைபர் உடல், கனமே இல்லாத சின்னக் கார். அதனாலேயே பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. மாருதி 800-இன் முதல் பெட்டி வடிவம் 1983 டிசம்பர். ஓரம் உருண்ட இரண்டாவது வடிவம் 1986. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதிப் படங்களின் ஆண்டு பிடிபட்டுவிடும். யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985. மாருதி 1000, 1990. ஜென் 1993, எஸ்டீம் 1994. சான்ட்ரோவும் ஹோண்டா சிட்டியும் 1998. ஃபோக்ஸ்வாகன் போலோ கார்கள் மட்டும் ஓடும் பந்தயம் என்றால் 2010 அல்லது அதற்குப் பின்.

ஒற்றை இருக்கை, திறந்த சக்கரம், சின்ன உடல் என்றால் மாருதி 800 எஞ்சினை வைத்து கோயம்புத்தூர் கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதியா என்று பாருங்கள். நரேன் கார்த்திகேயன் தொடங்கிய வகை அது. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

முத்தியால்பேட்டை

பேடாக் பார்வை சொன்னதோடு நம்ம ஊர் சமாச்சாரம் சிலதைச் சேர்க்கிறேன்.

பஸ் தெரிந்தால் பெரிய அதிர்ஷ்டம். பக்கவாட்டில் 'திருவள்ளுவர்', 'தந்தை பெரியார்', 'பல்லவன்' என்று பெயர் இருந்தால் 1997-க்கு முன். அந்த ஆண்டு போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ஓடியது தந்தை பெரியார்.

நம்பர் பிளேட்டில் 'டி.என். 01', 'பி.ஒய். 01' என்று மாநில எழுத்தும் அலுவலக எண்ணும் தனித்தனியாக இருந்தால் 1989 நடுவிலோ பிறகோ. மூன்று எழுத்துப் பழைய பிளேட் இருந்தால் ஒன்றும் முடிவாகாது, பழைய வண்டி பழைய எண்ணோடேயே ஓடும். விளம்பரப் பலகையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். 'மெட்ராஸ்' போய்ச் 'சென்னை' வந்தது 1996. ஆனால் பழைய பலகைகள் ஆண்டுக்கணக்கில் நின்றன, அதனால் 'சென்னை' என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

குழந்தைகளின் வாயைப் பாருங்கள். மேல்வரிசை முன்பற்கள் விழுந்து முளைக்கும் வயது ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு. சிரிக்கிற பிள்ளையின் பிறந்த ஆண்டு வீட்டில் தெரியும்தானே. இரண்டே ஆண்டு இடைவெளிக்குள் படம் வந்து நின்றுவிடும். காரும் பஸ்ஸும் தராத துல்லியம் இது. அதே பிள்ளையின் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஆண்டோடு இருந்தால் முடி, உயரம், சட்டை எல்லாவற்றையும் ஒப்பிடலாம்.

மஞ்சக்குப்பம் 31

மிக்க நன்றி. பல் விஷயம் அருமை. சதுர நெகட்டிவ்களில் கார்கள் எல்லாமே கலங்கியிருக்கின்றன, மனிதர்கள் தெளிவாக இருக்கிறார்கள். ஃபோகஸ் தவறியதா? ஸ்கேன் செய்து மென்பொருளில் தெளிவாக்க முடியுமா?

நெகட்டிவ் பெட்டி

சதுர ஃபிரேம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம் என்றால் 120 ஃபிலிம். அக்காலத்தில் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டிக் கேமரா. ஷட்டர் வேகம் மாற்ற முடியாது, ஏறக்குறைய விநாடியில் 30-இல் ஒரு பங்கிலிருந்து 50-இல் ஒரு பங்குவரை. மணிக்கு 120 கிலோமீட்டர் போகும் கார் விநாடிக்கு 33 மீட்டர் நகரும். ஷட்டர் 50-இல் ஒரு பங்கு திறந்திருந்தால்கூட கார் 66 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். கலங்காமல் என்ன செய்யும்? ஃபோகஸ் தவறவில்லை, எடுத்தவர் கையும் ஆடவில்லை. கார் கூர்மையாக, பின்னணி கோடுகளாக இருக்கும் படம் கிடைத்தால் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பி எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கிளிக் கேமராவில் அதைச் செய்தவரின் கை நல்ல கை.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் தெளிவாக்குவது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கலங்கிய 3-ஐ அது அழகான 8 ஆக்கிவிடும். விளம்பர எழுத்தைத் தானே இட்டுக்கட்டும். முகத்தை வேறு யாரோ ஆக்கும். ஆண்டு கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஒரே சாட்சி அது. சுவரில் மாட்ட ஒரு பிரதியைச் செய்துகொள்ளுங்கள், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

ஸ்கேன் அளவுகள்: பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). 4x6 அங்குலப் படம் 2400x3600 பிக்சல் வரும், அந்த பிரிண்டில் அதற்கு மேல் விவரம் கிடையாது. 35 எம்.எம். நெகட்டிவுக்கு 3200, ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 4500x3000 பிக்சல். 120-க்கு 2400 தாராளம். நெகட்டிவை 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக எடுங்கள், 35 எம்.எம். ஃபிரேம் ஒன்று 80 எம்.பி. தாண்டும், இன்றைய டிஸ்கில் அது பெரிசில்லை. நெகட்டிவும் பிரிண்டும் ஒரே காட்சிக்கு இருந்தால் இரண்டையும் எடுங்கள். லேபில் பிரிண்ட் போடும்போது ஓரம் அறுபட்டிருக்கும். நெகட்டிவில்தான் அந்த நம்பர் பிளேட் இருக்கும்.

ஸ்கேனரில் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதி கலர் நெகட்டிவுக்கு வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் அணைத்துவிடுங்கள். வெள்ளித் துகளையே தூசி என்று நினைத்துப் படத்தை அரித்துவிடும். சுருளின் ஓர எழுத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். 'இந்து' என்று இருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு.

பேடாக் பார்வை

ஒன்று விட்டுப்போயிற்று. நெகட்டிவைப் புரட்டிப் போட்டு ஸ்கேன் செய்வது மிகச் சாதாரணமாக நடக்கும். காரில் இருக்கும் விளம்பர எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். பந்தய எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; 8, 11, 18, 80 எல்லாம் புரட்டினாலும் எண்ணாகவே நிற்கும், 18 பார்த்த உடனே 81 ஆகிவிடும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறதா என்பது இரண்டாவது சோதனை, சாதாரணக் கார்களுக்கு மட்டும்.

டிராக்கிங் குமிழ்

கேசட்டை இன்னும் வி.சி.ஆரில் போடவில்லையே? போடாதீர்கள். மேல் ஜன்னல் வழியாக டார்ச் அடித்து நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை நூல் போலவோ தூள் போலவோ தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் வி.சி.ஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட் டிரம்மில் ஒட்டி, அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை ஒட்டிய இடத்தில் நாடா அறுந்தும் போகும். ஜிப் பையில் தனியே போட்டுச் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தமாக இருந்தால் முதலில் பின்பக்கத்துப் பதிவுப் பாதுகாப்புத் தாவலை உடைத்துவிடுங்கள். பழைய வி.சி.ஆரில் பட்டன் மாற்றி அமுக்கினால் அழிந்துபோகும் ஆபத்து இதோடு தீர்ந்தது. பிறகு ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றி, அதன் பிறகே பிளே. ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்த நாடா இறுக்கம் சமமாக வேண்டும்.

கணினியில் ஏற்றும்போது பால் (PAL) வீடியோ முறையில் 720x576, விநாடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமை வரி விட்டு வரியாக இரண்டு பாதியாகப் பதியும்) நிலையிலேயே பதியுங்கள். DV என்ற கோப்பு வடிவமென்றால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. வி.சி.ஆரைக் கணினியோடு இணைக்கும் மலிவான யு.எஸ்.பி. பிடிப்பான்கள் டிராக்கிங் தவறிப் படம் நடுங்கும் இடத்தில் ஃபிரேமை உதிர்த்துவிடும், பாதி ரேஸ் தாவித் தாவிப் போகும். நடுவில் ஒரு பழைய டி.வி.டி. ரெக்கார்டரை வைத்து அதன் வழியாக அனுப்பினால் சிக்னல் நிதானப்படும், பலவற்றில் இது வேலை செய்கிறது.

ரேஸ் வீடியோவுக்கே உரிய ஒரு நுணுக்கம்: ஓடும் காரை நிறுத்திப் பார்த்தால் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு வேறு கணங்களில் எடுத்த பாதிப் படங்களின் கலவை என்பதால் அப்படி. இரண்டையும் பிரித்து விநாடிக்கு 50 ஆக்கினால் கார் எண் ஒரு பாதியில் தெளிவாக நிற்கும். அதை 25-ஆகவே கலந்து மழுக்கித் தரும் கடைகள் உண்டு. கொடுக்கும்போதே ஐம்பது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

தென்பெண்ணைக் கரை

ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் முதல் வாரம், கடலூரில் ஆற்றுத் தண்ணீர் புகுந்த வீடுகளில் ஆல்பங்கள் கட்டியாக ஒட்டிப்போயின. இனியும் வரும், அதனால் இதையும் இங்கேயே எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

நனைந்த படம் நனைந்தே இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று காய்ந்தால் ஜெலட்டின் பசையாகி இறுகும், அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. குளிர்ந்த நல்ல தண்ணீர் உள்ள அகலத் தட்டில் மூழ்க வைத்து, தானாக நழுவும்போது பிரித்து, சேறு போக இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, முகம் மேலே இருக்கும்படி வெள்ளைப் பருத்தித் துணியில் நிழலில் காயப்போடுங்கள். செய்தித்தாள் கூடாது, மை ஏறும். வெயிலும் கூடாது. இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் ஜிப் பையில், நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்து, ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், வாரக்கணக்கில் தாங்கும். இங்க்ஜெட் பிரிண்டுக்கு இது பொருந்தாது, தண்ணீரில் சாயம் போய்விடும். ஏற்கெனவே பூஞ்சை பிடித்துக் காய்ந்தவற்றுக்கும் பொருந்தாது, அவற்றுக்கு மேலே நெகட்டிவ் பெட்டி சொன்னதுதான்.

முத்தியால்பேட்டை

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும் விதம் பற்றிக் கொஞ்சம். 'இது எண்பத்து நாலா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். நினைவு அப்படித்தான், கேட்ட ஆண்டையே திருப்பித் தரும். ஆண்டைக் கேட்காமல் வழியைக் கேளுங்கள். மெட்ராஸில் எந்த ஸ்டாண்டில் இறங்கினீர்கள்? பாரிமுனை என்றால் 2002-க்கு முன், கோயம்பேடு என்றால் 2002 நவம்பருக்குப் பின். சோற்றுப் பொட்டலம் கட்டியது யார், அந்த அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, தம்பி பிறந்திருந்தானா, வீட்டில் டி.வி. வந்திருந்ததா. கல்யாணப் பத்திரிகை எந்த வீட்டிலும் இருக்கும். அதில் தேதி அச்சிலேயே நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கி டேப்லெட்டில் காட்டிக்கொண்டே ஃபோனில் குரலைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைக்காதீர்கள், சத்தமாகப் பேசுகிறவரின் நினைவே எல்லோருடையதும் ஆகிவிடும். தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போகும் இடத்தைக் குறியுங்கள்.

மஞ்சக்குப்பம் 31

இதையெல்லாம் எங்கே எழுதி வைப்பது? படத்தின் பின்னாலா?

நெகட்டிவ் பெட்டி

பழைய காகித பிரிண்டின் பின்னால் 4பி பென்சிலால், ஓரமாக, கண்ணாடிமேல் வைத்து அழுத்தாமல் எழுதலாம். பளபளப்பான பிளாஸ்டிக் முதுகு கொண்ட கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, பால்பாயின்ட் முன்பக்கம் மேடு தட்டும். அவற்றுக்கு அமிலமற்ற உறையில் எழுதி, எழுதிக் காய்ந்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள். உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர், பி.வி.சி. வேண்டாம்.

கோப்புப் பெயரில் முதலில் ஆண்டின் எல்லைகள், பிறகு இடம், ஆல்பம் பக்கம், வரிசை எண். '1986-1989 சோழவரம் பக்கம்07 படம்03' என்பதுபோல. ஒற்றை ஆண்டு உறுதியாகும்வரை இரண்டு ஆண்டும் நிற்கட்டும். எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்: 'இரண்டாம் வடிவ மாருதி, பெரியவனுக்கு முன்பல் இல்லை.' நாளைக்கு வேறொருவர் அதைச் சரிபார்க்க வேண்டுமே.

பிரதிகள் மூன்று. கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று என்று வைத்துத் திருப்திப்படாதீர்கள்; இரண்டு ஊருக்கும் ஒரே புயல்தான் வரும். ஒரு டிஸ்க் திருச்சி, கோவைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகட்டும்.

பேடாக் பார்வை

பார்க்கிங் தெரியும் ஃபிரேம்களை முதலில் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். தனியார் வண்டிகளின் கடைசி நான்கு எண்ணை மறைத்துவிடுங்கள். முன்னெழுத்து தெரிந்தால் போதும். ஃபார்முலா கார் இருப்பவற்றைத் தனி இழையில் போட்டால் அந்த வகைகளை நன்றாக அறிந்தவர்கள் அங்கே பார்ப்பார்கள்.